வேறு முகவரி

காலையில் முதலில் எழுவது நான்தான். பால் காய்ச்சுவேன். பிறகு குளியலறை ஜன்னலைத் திறப்பேன். உயரத்தில் இருக்கிறது, கொக்கியும் இறுகிப்போனது; என் மனைவியின் கைக்கு எட்டாது. உள்ளே கேஸ் ஹீட்டர். புகை போக அந்த ஜன்னல் ஒன்றுதான் வழி. திறந்த பிறகு ஹீட்டரைப் பற்றவைப்பேன். அவள் குளிக்கப் போவாள். நான் சட்டைக்கு இஸ்திரி போடுவேன்.

மூச்சுமுட்டி இறந்துபோனாள், ஜன்னலைத் திறக்கக் கணவன் மறந்துவிட்டான், விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். விவரம் தவறாகப் பதிவாவது எனக்கு ஒத்துவராது. என் தொழில் அப்படி.

பல நிறுவனங்களுக்கு ஆள் எடுத்துத் தரும் அலுவலகம் எங்களுடையது. விளம்பரத்தில் எங்கள் பெயர் இருக்காது. வரும் பயோடேட்டாக்களை முதலில் பார்ப்பது நான். பார்ப்பது என்றால் படிப்பதில்லை, பொய் எங்கே என்று தேடுவது. வேலையில்லாமல் கழிந்த வருடங்கள், காலியாக விட்ட கட்டம், பொருந்தாத முகவரி. பக்கத்து மேஜைக்காரர் கிண்டல் செய்வார்: "சாமியே வேலை கேட்டு வந்தாலும், இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்கன்னு கேப்பீங்க சார்." கேட்பேன்தான்.

சாப்பிடும்போது இதையெல்லாம் அவளிடம் சொல்வேன். தூரத்து முகவரி என்றால் எடுத்தவுடன் ஒதுக்குவோம், கல்யாணமான பெண் என்றால் யோசிப்பார்கள் என்று. "அப்போ நானெல்லாம் உங்க வாசப்படியே ஏற முடியாது" என்று சிரிப்பாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் வேலைக்குப் போகவில்லை. தேவையில்லை என்று நான் சொல்லியிருந்தேன்.

ஒரு மதியம் அவளுடைய பயோடேட்டா என் திரையில் வந்தது. முகவரி எங்கள் வீடு இல்லை. ஊரின் மறுகோடியில், அவள் வேலை கேட்டிருந்த கம்பெனிக்கு அடுத்த தெருவில், ஒரு மாடி வீடு. மணமானவரா என்ற கட்டம் காலி.

வேறு யாருடையதாக இருந்தாலும் என்ன முடிவுக்கு வருவேனோ அதே முடிவுக்குத்தான் வந்தேன். இந்தப் பெண் இருக்கும் இடத்தை விட்டுக் கிளம்பப் பார்க்கிறாள். கூட இருப்பவனிடம் சொல்லவில்லை. ஒதுக்கினேன். அவளிடம் கேட்கவில்லை. ஒதுக்கியவர்களைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கும் வழக்கம் எங்களிடம் இல்லை.

அந்த வீட்டை மட்டும் போய்ப் பார்த்தேன். எதிர்க்கடை நிழலில் நின்றேன். சந்தேகம் தேவையே இல்லாமல் போனது. அவளே வந்தாள். வீட்டுக்காரம்மாவோடு மாடியேறி, ஜன்னல் ஜன்னலாகத் திறந்து மூடிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒதுக்கியதை இன்னொரு தடவை புரட்டுவது பக்கத்து மேஜைக்காரரின் வேலை. அவள் யாரென்று அவருக்குத் தெரியாது. அலுவலகத்தில் யாருக்கும் நான் அவளைக் காட்டியதில்லை. "நல்ல ஆளைப் போய்க் கழிச்சுக் கட்டியிருக்கீங்களே சார்" என்று அவளை இன்டர்வியூவுக்கு அனுப்பிவிட்டார். அப்புறம் அவளைத் தடுக்க என் கையில் இருந்தது எங்கள் வீடு மட்டும்தான்.

இன்டர்வியூ அன்று காலையும் பால் காய்ச்சினேன். ஹீட்டரைப் பற்றவைத்தேன். அவள் உள்ளே போனாள். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். ஒரு வேலையைத்தான் செய்யவில்லை. அதை மறதி என்று எழுதாதீர்கள்.

கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டீர்கள். துண்டு கேட்டாள் என்றேன். அது பொய். தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே அவள் பேசிக்கொண்டிருந்தாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். கதவைத் தட்டி அவளை வெளியே வரச்சொல்ல நேரம் இருந்தது. ஆனால் கடைசி நிமிடத்தில் வரும் விளக்கங்களை நான் எடுத்துக்கொள்வதில்லை. எல்லோரும் தயார் செய்துகொண்டுதான் வருவார்கள். பதிவுக்காகச் சொல்கிறேன், அவள் சொன்னது இதுதான்:

"உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன், திட்டாதீங்க. சாப்பிடும்போது நீங்க சொன்னதை எல்லாம் வச்சுத்தான் பயோடேட்டா எழுதினேன், இன்னைக்கு இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்காங்க. கெடச்சா நாம கம்பெனி பக்கத்துலயே போயிரலாம், வீடு பார்த்து வச்சிருக்கேன், நம்ம ரெண்டு பேருக்கும் தாராளமாப் போதும். அங்க ஜன்னலெல்லாம் என் கைக்கே எட்டுது. காலையில உங்களுக்கு ஒரு வேலை மிச்சம்."