ஒயின் பாட்டில், ஒண்ணு

உடைக்கலைங்க ஜட்ஜய்யா, ஒளிச்சும் வைக்கல. குடிச்சோம். நானும் என் வீட்டுக்காரரும்தான். விவாகரத்து மனுவும் நாங்க சேர்ந்து போட்டது, சாமான் பட்டியலும் நாங்களே எழுதினது. நாப்பத்திமூணாவது பொருள், ஒயின் பாட்டில், ஒண்ணு. அதை எப்படிங்கய்யா ரெண்டாப் பிரிக்கிறது?

மத்ததெல்லாம் சுத்தமாப் பிரிச்சாச்சு. நான் தையக்காரி, அவர் நிலம் அளக்கிறவர். ரெண்டு பேர் கையிலயும் எப்பவும் டேப்பு இருக்கும், ஒரு நூல் பிசகாது. ஜன்னல் திரை ஆளுக்கொண்ணு. செஸ்ல வெள்ளைக் காய் அவருக்கு, கறுப்பு எனக்கு. அடுப்பு அவருக்கு, வாணலி எனக்கு. அதனால மூணு வாரமா ஒரே வீட்ல இருந்துக்கிட்டு ரெண்டு பேருக்கும் பன்னும் வாழைப்பழமும்தான். உங்க அடுப்பைக் குடுங்கன்னு நான் போய்க் கேக்கணுமா? செத்தாலும் மாட்டேன். அவர் மட்டும் என்ன, லேசுப்பட்டவரா?

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் பாட்டிலைப் பிரிக்க உக்காந்தோம். கல்யாணத்துக்கு அவரோட மேலதிகாரி குடுத்தது. நல்ல நாள் ஒண்ணு வரட்டும்னு பதினோரு வருஷமா மூடியே திறக்கல. வரவே இல்ல, பாருங்க. ரெண்டு கிளாஸ்ல ஊத்தினேன். அவர் மேசை பக்கத்துல மண்டி போட்டு, ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டு மட்டம் பாத்தார். உன் பக்கம் ஒரு சொட்டு அதிகம்னார். குடிச்சேன். இப்ப என் பக்கம் அதிகம்னு அவர் குடிச்சார். இப்படிச் சமம் பண்ணிச் சமம் பண்ணியே பாதி கிளாஸ் போயிடுச்சு.

வெறும் வயிறு இல்லையா, அவர்தான் வாயைத் திறந்தார். நாலு முட்டை இருக்குன்னார். என்கிட்ட வெங்காயம் இருக்குன்னேன். அவர் அடுப்பைப் பத்த வச்சார், நான் வாணலியை வச்சேன். ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கல. ஆனா அந்த ஆம்லெட்டைப் பிச்சு வாயில போட்டு, மேல ஒரு மடக்கு ஒயின் குடிச்சேன் பாருங்க... எப்படிச் சொல்றது? மழையில நனைஞ்ச சுவத்துல பழச்சாறு தெளிச்ச மாதிரின்னேன். அவர் மூஞ்சியை ரொம்ப சீரியஸா வச்சிக்கிட்டு, நீ எப்ப சுவத்தை நக்கினேன்னு கேக்குறார். சிரிப்புல எனக்குப் புரை ஏறிடுச்சு. தலையில தட்டினார். தட்டின கையை எடுக்க கொஞ்ச நேரமாச்சு அவருக்கு.

இல்லங்கய்யா, சமாதானமெல்லாம் ஆகல. எல்லாம் ஒரு மணி நேரம்தான். பாட்டில் காலியாச்சு, தட்டை யார் கழுவுறதுன்னு ஆரம்பிச்சு அவரோட அக்கா கல்யாணத்துல நடந்த சண்டை வரைக்கும் போயாச்சு. அந்த ருசியும் நாக்குல நிக்கல. யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், பிடிபடமாட்டேங்குது.

அதனால மனுவை வாபஸ் வாங்கலங்கய்யா, அது பாட்டுக்கு இருக்கட்டும். தேதி மட்டும் கொஞ்சம் தள்ளிக் குடுங்க. என்ன, அவர் ஏன் வரலையா? கடைக்குப் போயிருக்கார், பாட்டில் வாங்க. மூணோ அஞ்சோ, ஒத்தப்படையா வாங்கிட்டு வாங்கன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்.