சத்திரத்தின் அக்னி மூலை

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. ஏலக்காய் தட்டிப் போட்டிருக்கிறார்கள். உட்காரச் சொல்லாதீர்கள், நின்றுகொண்டே சொல்லிவிடுகிறேன். சத்திரத்தை இடிக்க உத்தரவு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை.

என் பெயர் பூதலிங்கம். அரசு வேலையில் கட்டட வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவன். ஆற்றங்கரையில் பூட்டிக் கிடந்த அந்தச் சத்திரத்தின் முன்கூடத்தில் நின்று எப்போதாவது நிமிர்ந்து பார்த்திருக்கிறீர்களா? அத்தனையும் பர்மாத் தேக்கு உத்தரம். தூணில் கன்னத்தை வைத்தால் சித்திரையிலும் குளிரும். அதை இடித்துக் கடைகள் கட்டப் போவதாகப் பேச்சு வந்தபோது மூலைமுடுக்கெல்லாம் அளந்து வரைந்து வைத்துக்கொண்டேன்.

பழைய கட்டடத்தைக் காப்பாற்றுங்கள் என்று சொன்னால் இந்த ஊரில் எவன் திரும்பிப் பார்ப்பான்? தொண்ணூற்றிரண்டு வெள்ளம்தான் எனக்கு வழி காட்டியது. கரையோரக் குடிசைகள் போயின. சனங்கள் பள்ளிக்கூட வராந்தாவில் கிடந்தார்கள். சத்திரத்தை இவர்களுக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுங்கள் என்று முதலில் கேட்டவன் நான். ஜவுளிக்கடை காஜா முகைதீன் பாய் கூட வந்தார். தட்டி வைத்தோம், உண்ணாவிரதம் இருந்தோம், கலெக்டர் ஆபீஸ் வாசலில் வெயிலில் காய்ந்தோம். பாய் உண்மையாகவே அந்தச் சனங்களுக்காக அலைந்தார். நானும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அதிகாரிகள் இறங்கி வந்தார்கள். முதலில் ஒரு குடும்பம் இருந்து பார்க்கட்டும், கட்டடம் தாங்கினால் மற்றவர்களுக்கும் கொடுக்கலாம் என்றார்கள். பீடி சுற்றும் பாலம்மாள் வந்தாள். புருஷன் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. இடுப்பில் பெண் குழந்தை.

சற்று இருங்கள். வெளியே அது லாரிச் சத்தம்தானே? சரி. இடிக்கிற ஆட்கள் போகிறார்களோ என்று நினைத்துவிட்டேன்.

குடி வந்த காலையில் பால் காய்ச்ச அவள் செங்கற்களைக் கொண்டுபோய் முன்கூடத்து நடுவில் வைத்தாள். "இங்கனதான் காத்து நல்லா வருது அண்ணாச்சி. தொட்டிலயும் இந்தத் தூணுலயே ஆணி அடிச்சுக் கட்டிருதேன்" என்றாள். சந்தோஷத்தில் என்னைக் கேலி வேறு செய்தாள். "நாளைக்கு நெத்திலிக் கருவாடு வறுக்கப் போறேன். நீங்க சைவம், வாசன மட்டும் பிடிச்சுக்கிடுங்க."

பால் பொங்கினால் துடைத்துவிடலாம். கருவாட்டுப் புகை உத்தரத்தில் ஏறினால் எந்தக் காலத்திலும் இறங்காது.

நான் கோபப்படவில்லை. பையத்தான் எடுத்துச் சொன்னேன். "அக்னி மூலையிலதாம்மா பால் காய்ச்சணும். அது பின்கட்டுல இருக்கு. காய்ச்சின எடத்துலயே இன்னைக்கு ராத்திரி தல சாய்க்கணும். இல்லன்னா குடித்தனம் நெலைக்காது."

பாய்தான் தயங்கினார். "பின்கட்டுச் சுவரு வெள்ளத்துல ஊறிக் கெடக்கே அண்ணாச்சி. முன்னாலயே காய்ச்சட்டுமே."

"இது எங்க சாஸ்திரம், பாய்" என்றேன். அடுத்தவர் சாமி விஷயத்தில் தலையிடாத மனிதர். அவரே செங்கற்களைத் தூக்கிப் பின்கட்டுக்குக் கொண்டுபோனார்.

உண்மையில் அது அக்னி மூலையே அல்ல, ஐயா. வடகிழக்கு, ஈசானிய மூலை. அந்தச் சத்திரத்தை அளந்து வரைந்தவனுக்கு அது தெரியாதா? அன்று விடிந்தும் வெயில் இல்லை. ஒவ்வொரு கட்டாகத் தாண்டி உள்ளே போனால் யாருக்கும் திசை பிடிபடாது. நான் கைகாட்டிய பக்கம் பாலம்மாள் விழுந்து கும்பிட்டாள். பால் பொங்கியதும் முதல் தம்ளரை எனக்குத்தான் கொடுத்தாள். குடித்தேன்.

வெள்ளம் வடிந்ததுமே அந்தச் சுவருக்கு வெளியிலிருந்து சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்திருந்தார் பாய். சாயங்காலம் தூறல் விழுந்தபோது நான் போய் அவற்றை உருவினேன். ஈரமண், எளிதாகத்தான் வந்தன. சத்தம் கேட்டு, "யாரு அங்கன?" என்றாள் பாலம்மாள்.

"நான்தாம்மா. கட்டை இடைஞ்சலா கெடக்கு, எடுக்கேன். நீ வெளிய வந்துராத. இன்னைக்கு வாசப்படி தாண்டப்பிடாது."

"சரி அண்ணாச்சி. நனையாமப் போங்க" என்றாள்.

ஓரத்தில் கொஞ்சம் மண் சரியும், பயந்து பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ராத்திரி பெருமழை பிடித்து, சுவர் வெளியே சரிய, மேல்தளம் அப்படியே உள்ளே இறங்கியது. தாயையும் பிள்ளையையும் நீங்கள்தானே மண்ணைத் தள்ளி எடுத்தீர்கள். பாய் கடையைச் சாத்திவிட்டு, நம் போராட்டம்தான் அவர்களைக் கொன்றுவிட்டது என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன். அப்போது எனக்கு இங்கே வரத் தோன்றவில்லை.

பழுதடைந்த கட்டடம் மழையில் இடிந்தது என்று எழுதியிருக்கிறீர்களாமே. அது தவறு. அதை வைத்துத்தான் இடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். முட்டு இருந்திருந்தால் அந்தச் சுவர் இன்னும் பத்து மழையைத் தாங்கியிருக்கும். கட்டைகளை உருவியது நான். வெளியே வராதே என்று சொன்னதும் நான். இரண்டு பேரையும் பூதலிங்கம் கொன்றான் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்த உத்தரவை மட்டும் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள், ஐயா. சத்திரம் ஒரு பாவமும் அறியாது.