கடலடிக்கு எட்டாத செய்தி

தலைமையேற்று வீற்றிருக்கும் பெரியவர் சம்பந்தம் ஐயா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் சான்றோரே, நாளெல்லாம் உழைத்த களைப்போடு மேடவாக்கத்திலிருந்தும் குன்றத்தூரிலிருந்தும் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தாம்பரத்துத் தமிழ் நெஞ்சங்களே, ஜெரூஷாவின் வணக்கம்!

‘தாக்கும் நீர்மூழ்கிக் கப்பல்: டீசலா, அணுசக்தியா?’ என்று தலைப்புத் தந்தீர்கள். எனக்கு முன்னே பேசியவர்கள் விலையை விரித்தார்கள், வேகத்தை வியந்தார்கள். இயற்பியல் ஆசிரியையான நானும் சொல்கிறேன். டீசல் கப்பல் பேட்டரியில் ஓடும்போது பூனைநடை போடும். எதிரியின் காதுக்கு எட்டாது. பேட்டரி இறங்கினாலோ, எஞ்சினுக்குக் காற்றிழுக்க மூச்சுக்குழாயை நீருக்கு மேலே நீட்டியே தீரவேண்டும். அணுசக்திக் கப்பலுக்கு அந்தக் கவலை இல்லை. மாதக்கணக்கில் மூழ்கியிருக்கும், விரைந்து விரட்டும். அந்த ஒன்றின் விலையில் டீசல் கப்பல்கள் பல வாங்கலாம்.

என்ன? “அக்கா, உங்க ஓட்டு எதுக்கு?” என்றா கேட்கிறீர்கள்? பொறுங்கள் தம்பி, சொல்கிறேன்.

என் கணவர் எட்மண்ட், டீசல் நீர்மூழ்கியில் மாலுமி. போன மழைக்காலம், அவர் கடலுக்கடியில் இருந்தபோது எங்கள் ஒரே மகள் ஜென்சிக்குக் காய்ச்சல் கண்டது. டெங்கு என்றார்கள்.

“அப்பா எப்பம்மா வருவாரு?”

“சீக்கிரம் வந்துடுவாருடா.”

அதன்பின் அவள் என்னிடம் பேசவில்லை.

கடற்படை அலுவலகத்துக்குத் தகவல் சொன்னேன். அது கப்பலுக்குப் போய், கேப்டனோடு நின்றுவிட்டது. தகப்பன் இல்லாமலே என் மகளைப் புதைத்தோம்.

கப்பல் கரை சேர்ந்த அன்றுதான் கேப்டன் அவரிடம் சொன்னார். வீடு வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

“என்னைக்கு, ஜெரூ?”

“தீபாவளிக்கு மறுநாள்.”

விரல்விட்டு நாளை எண்ணிப் பார்த்தார். “அன்னைக்கு எங்க கப்பல் சமையல்காரருக்கு பர்த்டே. கேக் வெட்டினோம். நான் பாட்டுப் பாடினேன்.”

அதைச் சொல்லிவிட்டு அழுதார் ஐயா, சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார்!

கேப்டன் மீது நான் கொதித்தேன். என் கணவர்தான் தடுத்தார். “கிளம்பறதுக்கு முன்னாடியே கேட்டாங்க, துக்க சேதி வந்தா சொல்லணுமான்னு. வேணாம்னு நான்தான் சொன்னேன். கீழ தெரிஞ்சு என்ன செய்வேன்? என் கை நடுங்கினா அத்தனை பேரும் போயிடுவாங்க.”

மேலே வராமலே இருப்பது ஆற்றல் என்கிறோம். யாருடைய ஆற்றல்? அணு உலைக்குப் பிள்ளை உண்டா? இரும்புக்குக் கண்ணீர் உண்டா? நாட்டுக்குக் காவல் வேண்டும், மறுக்கவில்லை. என் படிப்பு அணுசக்திக்கு ஓட்டுப் போடச் சொல்கிறது. பெற்ற வயிறு மறுக்கிறது. எந்தக் கப்பலை வாங்கினாலும், விலை சொல்லும்போது உள்ளே இருப்பவனையும் சேர்த்துச் சொல்லுங்கள். மருத்துவமனை வராந்தாவில் தனியே நிற்பவளையும் சேர்த்துச் சொல்லுங்கள்!

போன மாதம் அவர் மறுபடி கிளம்பினார். வாசலில் கேட்டேன்: “துக்க சேதி சொல்லணுமான்னு கேட்டா, இந்தத் தடவை என்ன சொல்லப் போறீங்க?”

“அதேதான், ஜெரூ.”

சரி என்று தலையாட்டினேன். இப்போது எந்தக் கடலில் இருக்கிறாரோ, எனக்குத் தெரியாது. இங்கே நான் உயிரோடு இருக்கிறேனா என்பதும் அவருக்குத் தெரியாது.

கலங்கிய கண்களோடு கேட்டிருந்த உங்கள் அனைவருக்கும் என் நன்றி. வணக்கம்.