மழைக்கு ஒரு துஆ

கல்முனையில் பஸ் புறப்படக் காத்திருந்தது. வெளியே நல்ல வெயில். என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

“கொழும்புல கிரிக்கெட் மெச் நடக்கக்குள்ள மழை பெய்யணும் எண்டுதான் நான் துஆ கேக்கிற.”

“என்ன ராத்தா, ஊரெல்லாம் நாம வெல்லணும் எண்டு கேக்குது!”

“விளையாட்டு நிண்டாத்தான் என்ட மகள டீவில கனக்க நேரம் காட்டுறாங்க. அவதானே ஸ்டூடியோவுல மெச்சப் பத்திக் கதைச்சிட்டு இரிக்கணும்.”

“முந்தி சாரி விளம்பரத்துல மொடலா வந்த புள்ளதானே? வீட்ட வாறல்லியா?”

“அந்த விளம்பரம் வந்த நாளையிலிருந்து அவட வாப்பா அவவோட கதைக்கிறல்ல. அவ வாறதும் இல்ல.”



“அவரும் டீவி பாப்பாரா?”

“இல்ல. வெளிய கதிரையப் போட்டு இரிப்பாரு. மெச் எண்டா மட்டும் அங்கயிருந்து கேப்பாரு, ‘கொழும்புல மழையா?’ எண்டு.”