கண்ணாடி அலமாரியின் மூன்றாவது தட்டு

எனக்கு இனிப்பு அவ்வளவாகப் பிடிக்காது இன்ஸ்பெக்டர் மேடம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெருமுனை பேக்கரிக்காரர் என்னைப் பற்றி என்ன சொன்னாரோ தெரியாது; தொடர்ந்து மூன்று சனிக்கிழமை அங்கே போனேன் என்பது உண்மை. புதிதாகத் திறந்த கடை. விலையைக் கேட்டாலே தலை சுற்றும். எங்கள் தெருவில் பாதிப் பேர் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி.

அக்காவுக்குத்தான் இனிப்பு என்றால் உயிர். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள். பக்கவாதம் வந்து ஆறு வருஷம் ஆகிறது. வலது பக்கம் சுத்தமாக விழுந்துவிட்டது; பேச்சில் நாலைந்து வார்த்தைதான் மிச்சம். விழுங்குவதும் தகராறு. எது கொடுத்தாலும் மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, சின்ன ஸ்பூனில் கொடுக்க வேண்டும். விழுங்கப் பயிற்சி கொடுக்க வந்த பெண் சமையலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போனாள். உதிர்கிற எதுவும் கூடாது என்று அதில் சிவப்பு மையில் இருக்கும்.

"துகள் மூச்சுக்குழாய்க்குள்ள போயிட்டா அவ்வளவுதாங்க. இருமித் தள்ளக்கூட அவங்களுக்குத் தெம்பு இல்ல" என்றாள். இரண்டு தடவை சொன்னாள். நான் மறக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அக்காவுக்குச் சாப்பிடும்போது வாய் திறக்கவே மறந்துபோகும். தாடையில் விரலால் இரண்டு தட்டு தட்டினால் திறப்பாள். அதைப் பழக்க நாலு மாதம் பிடித்தது. வேறு யாருக்கும் அந்தப் பொறுமை வராது.

நான் தையல்காரி. இத்தனை வருஷமும் வீட்டிலிருந்தே காலர் தைத்துக் கொடுத்தேன். போன மாதம் வேறு ஊரில் ஒரு தொழிற்சாலையில் துணி வெட்டும் வேலைக்கு என்னை எடுத்தார்கள். விடுதியில்தான் தங்கவேண்டும், அக்காவைக் கூட்டிப்போக முடியாது. ஒன்றாம் தேதி சேராவிட்டால் வேலை இன்னொருத்திக்கு. நாற்பத்தாறு வயதில் இனிமேல் யார் என்னைக் கூப்பிடப்போகிறார்கள்? அண்ணனிடம் கெஞ்சினேன்.

"எங்க வீடு மாடியில இருக்கும்மா, எப்படித் தூக்கிட்டுப் போறது? நீ இருக்கிறப்ப எங்களுக்கு என்ன கவலை" என்றான்.

இரண்டு காப்பகங்களில் இடமில்லை என்று கையை விரித்தார்கள். தினமும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுவேன். அக்காவுக்குக் கேட்டால் மனசு கஷ்டப்படும் இல்லையா.

முதல் சனிக்கிழமை கிரீம் கேக் சாப்பிட்டுப் பார்த்தேன். வாயில் வைத்ததுமே கரைந்துபோனது. சரிப்படவில்லை. அடுத்த வாரம் சாக்லேட் ஊற்றிய ஒன்று. ஓடு என்னமோ கெட்டிதான், எச்சில் பட்டதும் குழைந்துவிட்டது. மூன்றாவது வாரம் வெட்கத்தை விட்டுக் கடைக்காரரிடமே கேட்டேன்.

"அக்காவுக்குங்க. நல்லா மொறுமொறுன்னு, தொட்டாலே உதிரணும்."

"அப்ப இதுதாம்மா." மூன்றாவது தட்டிலிருந்து எடுத்தார். அடுக்கடுக்காக மடித்துச் சுட்டு, மேலே பாதாம் தூவியது. "கடையிலேயே விலை கூடினது இதுதான். உங்கள மாதிரி தங்கச்சி கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்."

ஓரமாக நின்று ஒன்றைக் கடித்தேன். புடவை முழுக்கத் துகள். கொஞ்சம் தொண்டையில் சிக்கி, கண்ணில் தண்ணீர் வரும்வரை இருமினேன். இன்னும் இரண்டு கட்டச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அவளை நிமிர்த்தி உட்காரவைத்து, கழுத்தில் துண்டு கட்டினேன். ஆளுக்கு ஒரு தட்டு வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீயும்" என்றாள். அவளிடம் மிச்சமிருந்த வார்த்தைகளில் அதுவும் ஒன்று. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், எனக்குக் கொடுக்காமல் வாயில் வைக்கமாட்டாள்.

நான் வற்புறுத்தவில்லை மேடம். அவளாகத்தான் வாயைத் திறந்தாள். தாடையில் இரண்டே இரண்டு தட்டுத்தான் தட்டினேன்.

பெரிய துண்டாகவே வைத்தேன். சத்தம் ஒன்றுமில்லை. இடது கை மட்டும் என் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டு நர்ஸ் அன்றைக்கு வீட்டில்தான் இருந்தார். குரல் கொடுத்தால் அரை நிமிஷத்தில் வந்துவிடுவார். நான் கூப்பிடவே இல்லை என்று அவர் சொன்னால் நம்பாதீர்கள். கூப்பிட்டேன். அக்கா என்னையும் சாப்பிடச் சொல்லியிருந்தாள் அல்லவா, அவள் பேச்சை நான் தட்டியதே இல்லை. என் தட்டில் இருந்ததை முடித்து, கையைக் கழுவிவிட்டுக் கூப்பிட்டேன்.