வில்லன் கையில் இருந்த துப்பாக்கி

திருச்செந்தூர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஓர் இளைஞன் செல்போனில் சண்டைப்படம் பார்த்தபடி, வந்த துப்பாக்கிக்கெல்லாம் பெயர் சொல்லிக்கொண்டே வந்தான். பக்கத்தில் இருந்த பெரியவர் திடீரென்று சொன்னார்.

"ஏலே, வில்லன் வச்சிருக்கது ஆளைக் கொல்லுத துப்பாக்கி இல்ல. காப்பாத்துத துப்பாக்கி."

"என்ன அண்ணாச்சி சொல்லுதிய?"

"எங்க சரக்குத் தோணியில உள்ளது. கடல்ல ஆபத்துன்னா மேல பாத்துச் சுடணும். செவப்பா வெளிச்சம் போவும், கப்பல்காரன் பாத்துட்டு வருவான். இந்தப் படத்தை எங்க தோணியிலதாம்ல எடுத்தானுவ."

இளைஞன் படத்தை நிறுத்திப் பெரிதாக்கினான்.

"ஹீரோகிட்டயும் அதே மாதிரி ஒண்ணு இருக்கே. இது பிளாஸ்டிக்கு அண்ணாச்சி, ஒட்டுன கோடு தெரியுது. வில்லன் துப்பாக்கி பிடியில சுத்தியிருக்க நூலும் இதுல இல்ல."

பெரியவர் போனைப் பிடுங்கிப் பார்த்தார்.

"அந்த நீல நூலு நான் சுத்துனது. எங்க துப்பாக்கின்னு அவனுவ திருப்பித் தந்ததுல நூலு இல்ல. அவுந்துட்டுன்னு நெனச்சு, புதுசா சுத்தித் தோணிப் பெட்டியில வச்சேன்."

"கனம் பாக்கலியா?"

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே பனைகள் எல்லாம் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன.

"தோணி இப்ப எங்க அண்ணாச்சி?"

"நேத்து மாலத்தீவுக்குக் கெளம்பிட்டு. என் மவன் போயிருக்கான்."

போனைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"பெட்டியைத் தொறந்து பாத்துட்டுத்தான் ஏறுவேன்னு நின்னான். நாந்தான், எல்லாம் பாத்தாச்சு, போலேன்னு அனுப்புனேன்."