இரண்டே கால் மணிக் காற்று

மத்தியானம் இரண்டு மணி. ஏழாயிரம்பண்ணைக்குப் போகிற ரோட்டில் ஈ காக்கை இல்லை. இரண்டு பக்கமும் காய்ந்த காடு. தூரத்தில் பட்டாசு ஆலையின் சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி... தார் இளகிய வாசம். அவ்வளவுதான்.

என்ன ஜாபஸ், ராத்திரி பன்னிரண்டு மணி என்று ஆரம்பிப்பேன் என்று பார்த்தாயா? எங்கள் பக்கத்தில் பயம் மத்தியானத்தில்தான் வரும். வெயில் ஏற ஏற, ஆலைக்கு ஆள் அனுப்பிய வீடுகளில் எல்லாருக்கும் காது வாசலில் இருக்கும். இந்த லாட்ஜில் கரண்ட் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகுமாம். நெருங்கி உட்காருங்கள். தூக்கம் வருகிறவர்கள் இப்போதே போய்விடுங்கள். பாதியில் போக விடமாட்டேன்.

இது என் சிநேகிதி ஸ்வீட்டியின் அண்ணனுக்கு நடந்தது. சாம்சுந்தர் என்று பெயர். விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் வாத்தியார். நீங்கள் எல்லாம் சேருவதற்கு முன்னால் நம் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். கடல் இல்லாத ஊரில் கடல் முங்குகிற சங்கம் என்று அப்போதும் சிரித்தார்கள். ஆரம்பித்தவர் தேவாசீர்வாதம் சார். அடுத்த ரூமில் குறட்டை விடுகிறாரே, அவரேதான். நான் சொல்வதெல்லாம் உண்மையா என்று நாளைக்கு அவரைக் கேளுங்கள்... இல்லை, கேட்காதீர்கள். அன்றைக்கு முழுக்கச் சாப்பிட மாட்டார்.

அப்போதும் இதே மாதிரிதான். மல்லாங்கிணறு பக்கம் கைவிட்ட கல்குவாரியில் பயிற்சி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வேன் பிடித்து மண்டபம், இல்லையென்றால் தூத்துக்குடி. ஜன்னல் சீட்டுக்குச் சண்டை, திரும்பி வரும்போது பிரியாணி, வேனில் ஒருவர் வாந்தி. தண்ணீருக்குள் இரண்டு இரண்டு பேராகத்தான் இறங்க வேண்டும். நாம் ஜோடி என்கிறோமே, அது தேவாசீர்வாதம் சார் வைத்த பேச்சு. ஜோடியை விட்டுவிட்டுத் தனியாகக் கரையேறக் கூடாது. இது ஒன்றுதான் இந்தச் சங்கத்தில் சட்டம்.

சாம் அண்ணனுக்கு ஜோடி முனியராஜ். அச்சங்குளத்துக்காரன். பட்டாசு ஆலையில் வெடிமருந்து அறையில் வேலை. கிணறு கிணறாகக் குதித்து வளர்ந்தவன். குவாரியில் யாரோ தவறவிட்ட போனை எடுத்துக்கொடுக்க வந்தவனைத் தேவாசீர்வாதம் சார் சங்கத்திலேயே சேர்த்துக்கொண்டார். சங்கத்தில் ஆலைக்குப் போகிற ஆள் அவன் ஒருத்தன்தான். மற்ற எல்லாரும் வாத்தியார், நர்ஸ், காலண்டர் அச்சடிக்கிறவர்கள்.

டிரிப்புக்கு முந்தின நாள், முதுகில் மாட்டி முங்குகிற டேங்குகளில் காற்று நிரப்புவது இந்த ஜோடியின் வேலை. ஏழாயிரம்பண்ணை ரோட்டில் ஒரு தகர ஷெட், அதில் கம்ப்ரஸர். அந்த மெஷின் வெளியே இருக்கிற காற்றை இழுத்து இழுத்து டேங்குக்குள் திணிக்கும். ஒரு டேங்குக்கு இருபது நிமிஷம். நிறைந்ததும் பிளாஸ்திரி ஒட்டி, தேதியும் மணியும் எழுத வேண்டும். எந்த நேரத்தில் நிரப்புகிறோமோ, அந்த நேரத்துக் காற்றைத்தான் கடலுக்கு அடியில் மூச்சாக இழுக்கிறோம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரம் வேனில் ஒரு சீட்டு குறைந்தது. சங்கத்திலிருந்த அச்சக முதலாளியின் மச்சினன் கடைசி நேரத்தில் நானும் வருவேன் என்று நின்றான். யாரையாவது விட வேண்டும். முனியராஜை விட்டால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அண்ணனுக்கு அது தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் போட்டார்.

"முனியா, இந்த வாட்டி சீட்டு இல்லலே. அடுத்த டிரிப் பாத்துக்குவோம்."

"சரி சார். நாளைக்கு டேங்குக்கு வந்துரட்டா சார்? லீவு சொல்லிட்டேன்."

"வேணாம்லே. நா பாத்துக்கிடுதேன்."

டிரிப்புக்குக் கூட்டிப்போகாத ஆளிடம் வேலை வாங்கக் கூடாது என்று நினைத்தார். அதை ஒரு மரியாதை என்று நினைத்தார். பாவம்.

மறுநாள் சனிக்கிழமை. அதுதான் நான் முதலில் சொன்ன மத்தியானம். அண்ணன் தனியாக ஷெட்டில். ஏழாவது டேங்க் ஏறிக்கொண்டிருந்தது... இரண்டே கால். முதலில் கால் பாதத்தில் தெரிந்தது. தரை ஒரு தடவை இறங்கி ஏறியது. பிறகு தகரம் கிடுகிடுவென்று ஆடியது. அதற்கப்புறம்தான் சத்தம். பெரியதாக ஒன்று. பிறகு சின்னச் சின்னதாக, படபடவென்று... நிற்கவே இல்லை. தெற்கே வெள்ளைப் புகை எழுந்து, மெதுவாக ரோட்டுப் பக்கம் சாய்ந்தது.

புகை வந்தால் மெஷினை உடனே நிறுத்த வேண்டும். அவரே புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. அன்றைக்கு நிறுத்தவில்லை. காற்றின் அளவு காட்டுகிற முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். நூற்றைம்பது... நூற்றெண்பது... இருநூறு. வால்வை மூடினார். பிளாஸ்திரி ஒட்டி மணி எழுதினார். அதன் பிறகுதான் பைக்கை எடுத்தார். ஏன் நின்றாய் என்று ஸ்வீட்டி பலமுறை கேட்டிருக்கிறாள். கை கால் எல்லாம் யாருடையதோ மாதிரி இருந்தது என்று மட்டும் சொன்னாராம்.

சாயங்காலம் பெயர்கள் வந்தன. நான்கு பேர். மூன்றாவது பெயர் முனியராஜ்.

ஆஸ்பத்திரி வாசலில் அவன் மனைவி மாரிசெல்வி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, கோபமாக இருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"உங்க கூட டேங்குக்கு வாரேன்னுதான சார் லீவு போட்டாரு? காலைல பாத்தா ஒண்ணும் பேசாம கம்பெனி வேன்ல ஏறிட்டாரு. என்னத்துக்குய்யா போறீகன்னு கேட்டேன், பதிலே இல்ல. லீவு போட்ட மனுசன் போவாரா சார்? எங்கள நெனச்சாரா?"

சீட்டு போன கதையை வீட்டில் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்திருக்கும். அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. நான்தான் வேண்டாம் என்றேன் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வாய் என்னவோ வேறு சொன்னது.

"சீசன் டைம்ல... கம்பெனில அவசரமா கூப்பிட்டிருப்பாங்கம்மா."

அவள் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள். செத்துப்போன புருஷன் மேல் கோபத்தோடு போனாள்.

அதற்குப் பிறகு சாம் அண்ணன் பள்ளிக்கூடம் போனார், பாடம் எடுத்தார், சாப்பிட்டார். அழுகை வரவில்லை. துக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒன்றுமே தெரியவில்லை. டீ சுடுகிறதா ஆறிவிட்டதா என்றுகூடத் தெரியாமல் குடித்தார் என்பாள் ஸ்வீட்டி. தினமும் அச்சங்குளம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று பைக்கை எடுப்பார். பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பிவிடுவார்.

அந்த டிரிப் நின்றுபோனது. நாற்பது நாள் கழித்து மறுபடி குவாரிப் பயிற்சி வைத்தார்கள். பழைய காற்றை எல்லாம் திறந்து விட்டுவிட்டுப் புதிதாக நிரப்பச் சொன்னார் தேவாசீர்வாதம் சார். அண்ணன் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார். ஏழாவதில் கை வைத்தார்... திறக்க முடியவில்லை. அதை அப்படியே முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கினார்.

காலை பத்து மணி. புது ஜோடி ஜெபராணி, நர்ஸ். அந்தக் குவாரி உங்களுக்குத் தெரியும். மேலே பச்சை, பத்தடிக்குக் கீழே இருட்டு. கயிற்றைப் பிடித்துத்தான் இறங்க வேண்டும். கை சைகை தெரியாது என்பதால் ஜோடியின் கையை அமுக்குவோம். ஒரு அமுக்கு, நல்லா இருக்கியா. நல்லா இருந்தால் திருப்பி ஒரு அமுக்கு. இரண்டு அமுக்கு, மேலே போவோம்.

முதல் மூச்சிலேயே தெரிந்தது. வெடி வாசம். தீபாவளிக் காலையில் தெருவில் நிற்குமே... அது. நாக்கில் உப்பாக ஒட்டியது. அண்ணன் நிற்கவில்லை, கீழே போனார்.

நாற்பது அடியில்... குமிழிச் சத்தம். அவருடைய மூச்சு இல்லை. இடுப்புப் பக்கத்திலிருந்து வந்தது. டேங்கில் இன்னொரு வாய்க்குழாய் தொங்கும், ஜோடிக்குக் காற்று தீர்ந்தால் கொடுப்பதற்கு. மஞ்சள் நிறம். அதிலிருந்து குமிழி. கசிவாக இருக்கும் என்று நினைத்தார், பிசிக்ஸ் வாத்தியார் இல்லையா. கசிந்தால் விடாமல் வரும். இது விட்டு விட்டு வந்தது. கொஞ்ச நேரம் குமிழி... கொஞ்ச நேரம் சும்மா... மறுபடி குமிழி. தன் மூச்சை நிறுத்திப் பார்த்தார். அது நிற்கவில்லை.

டார்ச்சைத் திருப்பி முள்ளைப் பார்த்தார். நூற்றைம்பதில் இருக்க வேண்டியது நூறில் இருந்தது. இரண்டு பேர் குடிக்கிற வேகம்.

அப்போது கையில் ஒரு அமுக்கு.

நல்லா இருக்கியா?

ஜெபராணி என்று நினைத்தார். ஆனால் அந்தக் கை சூடாக இருந்தது. அவ்வளவு குளிர்ந்த தண்ணீரில், ரப்பர் சட்டைக்கு மேலே... சூடு. டார்ச்சை அடித்தார். ஜெபராணி பதினைந்தடி மேலே, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுபடி ஒரு அமுக்கு. நல்லா இருக்கியா?

அண்ணனுக்குப் பயம் வரவில்லையாம். பதில்தான் வரவில்லை. திருப்பி அமுக்கினால் நல்லா இருக்கிறேன் என்று ஆகிவிடும். எப்படி அமுக்குவது? மூன்றாவது தடவையும் கேட்டது. எண்பது... எழுபது... முள் இறங்கிக்கொண்டே இருந்தது. வாயில் குழாயைக் கடித்தபடியே அவர் பேசினார். தண்ணீருக்குள் அது கொழகொழ என்று போயிருக்கும்.

"சொல்லிருதேன்லே... இன்னைக்கே போயி அவகிட்ட சொல்லிருதேன்."

குமிழி நின்றது. பிறகு இரண்டு அமுக்கு. மேலே போவோம்.

கரையில் தேவாசீர்வாதம் சார் முகம் வெளுத்து நின்றார். மேலே இருப்பவர் குமிழியைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும், எந்த ஜோடி எங்கே இருக்கிறது என்று.

"யாருய்யா மூணாவது ஆளு? மூணு எடத்துல குமிழி வந்துச்சு. மூணும் சேந்து கரை வரைக்கும் வந்துச்சு..." ஜெபராணியையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு தலதான வெளிய வந்துருக்கு?"

அண்ணன் ஈரத் தலையோடு டேங்கை பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினார். இந்த முறை பஸ் ஸ்டாண்டில் திரும்பவில்லை.

அச்சங்குளம் போய்ச் சேரும்போது மத்தியானம் பன்னிரண்டு மணி. வெயிலுக்காக ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்த வீடு. முனியராஜின் படம், அதற்கு முன்னால் தரையில் ஒரு சின்ன விளக்கு. மாரிசெல்வி வெடிப்பெட்டிக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் உட்காரக்கூட இல்லை. சீட்டு, போன், லீவு, ஆஸ்பத்திரி வாசலில் சொன்ன பொய், மெஷினை நிறுத்தாமல் நின்றது, டேங்க்... எல்லாம் சொன்னார்.

அவள் ஒட்டிக்கொண்டே இருந்தாள். கையில் இருந்த பெட்டியை முடித்து, அடுக்கில் வைத்தாள்.

"அப்ப அவரா போகல."

"இல்லம்மா. நாந்தான் அனுப்புனேன்."

திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தார். அடித்தால் வலிக்குமா என்று பார்க்கவாவது ஆசையாக இருந்தது என்றாராம். அவள் டேங்கைப் பார்த்தாள்.

"அந்த நேரத்துக் காத்தா சார் இதுல இருக்கு?"

"ஆமாம்மா."

"மிச்சம் இருக்கா?"

"கொஞ்சம் இருக்கு."

"தொறங்க."

டேங்கைப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, வால்வைத் திருகினார். உஸ்ஸ்... என்று வந்தது. விளக்குச் சுடர் அந்தப் பக்கம் சாய்ந்தது. அறை முழுக்க மருந்து வாசம். அதற்கடியில் வியர்வையும் தேங்காய் எண்ணெயும் கலந்த ஒரு வாசம். மாரிசெல்வி கண்ணை மூடிக்கொண்டு முகத்தை அதற்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். காற்று குறைந்தது... மெலிந்தது... நின்றது. சுடர் நிமிர்ந்தது.

முடிந்தது என்று அண்ணன் வால்வை மூடக் கையை நீட்டினார்.

உஸ்ஸ்...

சுடர் இந்தப் பக்கம் சாய்ந்தது. டேங்கைப் பார்த்து. மாரிசெல்வியின் நெற்றி முடி வால்வை நோக்கி அசைந்தது. தரையில் கிடந்த அட்டைத் துண்டு ஒன்று மெதுவாக நகர்ந்து போய் அதன் வாயில் ஒட்டிக்கொண்டு படபடத்தது. காலியான டேங்க் காற்றை உள்ளே இழுக்காது. அது எந்தப் பாடத்திலும் கிடையாது. அண்ணனின் கை வால்வுக்குப் போனது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"மூடாதீக சார். மூச்சு வாங்கிக்கிடட்டும்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். இழுக்கிற சத்தம் நீண்டுகொண்டே போனது... திடீரென்று நின்றது. அது மூச்சை வெளியே விடுவதற்காக இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.